மனைவியின் புகாரில் முன்ஜாமீன்: எப்போது, எங்கே, மனுவில் என்ன எழுதி?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. உங்கள் குடும்பம் திருமங்கலத்தில் இருக்கிறது. தம்பி பெங்களூரில் வேலை பார்க்கிறார். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தம்பி மனைவி ஏழு மாதங்களுக்கு முன் அருப்புக்கோட்டையில் உள்ள பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது அங்குள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் தம்பி, 68 வயதான தாயார், நீங்கள், திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கை ஆகிய நால்வர் மீதும் புகார் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லித் தொலைபேசி வந்திருக்கிறது. எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போடும் முன்பே முன்ஜாமீன், அதாவது கைதாகும் முன்பே நீதிமன்றத்தில் பெறும் ஜாமீன், வாங்கிவிடலாமா, வாங்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா, இருவரும் சேர்ந்து வாழ இருக்கும் கொஞ்சநஞ்ச வாய்ப்பும் அதோடு போய்விடுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது அம்மாவைக் கைது செய்துவிடுவார்களோ என்ற பயம் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் மதுரையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குற்றவியல் வழக்குகள் நடத்திவரும் வழக்கறிஞர். இந்த வகை வழக்குகளில் கணவன் தரப்பிலும் மனைவி தரப்பிலும் ஏறக்குறைய சம அளவில் நின்றிருக்கிறேன். புகாரின் நகலை நான் பார்க்கவில்லை. அதில் காயம், மருத்துவமனைச் சிகிச்சை, தற்கொலை முயற்சி போன்றவை சொல்லப்பட்டிருந்தால் கீழே எழுதியிருப்பதில் பாதி மாறிவிடும். ஆகவே இதைப் பொது விளக்கமாக எடுத்துக்கொண்டு, புகாரின் விவரத்தோடு உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள்.

கணவனும் அவர் உறவினரும் மனைவிக்கு இழைக்கும் கொடுமையைத் தண்டிக்கும் பிரிவு 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்ற எண்ணில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அதே குற்றம், தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 ஆகிய பிரிவுகளில் இருக்கிறது. சொல்லப்படும் சம்பவங்கள் அந்தத் தேதிக்கு முந்தியவை என்றால் பழைய பிரிவும், பிந்தியவை என்றால் புதிய பிரிவும் வரும். நான்கு ஆண்டு மணவாழ்க்கையில் இரண்டும் சேர்ந்து வரவும் கூடும். இதன் உச்ச தண்டனை மூன்று ஆண்டுச் சிறையும் அபராதமும். இது ஜாமீனில் விடத்தகாத குற்றம் என்பதைக் கேட்டதும் பலர் ஜாமீனே கிடைக்காது என்று நினைத்துக் கலங்குகிறார்கள். காவல் நிலையத்திலேயே ஜாமீன் கேட்டுப் பெறும் உரிமை இல்லை, நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டுத்தான் பெற வேண்டும் என்பதே அதன் பொருள். இதோடு 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவும், ஆபாசமாகத் திட்டியது, மிரட்டியது போன்ற சில பிரிவுகளும் வழக்கமாகச் சேர்க்கப்படும்.

இந்தப் பிரிவில் புகார் வந்தவுடன் வீட்டோடு எல்லோரையும் கைது செய்யும் பழக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014 ஜூலையில் அர்னேஷ் குமார் வழக்கில் கடிவாளம் போட்டது. ஏழு ஆண்டு வரை தண்டிக்கத்தக்க குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று காவல் அதிகாரி காரணம் எழுதி வைக்க வேண்டும். கைது தேவையில்லை என்றால் ஆஜராகும்படி அறிவிப்பு கொடுக்க வேண்டும். காரணத்தைப் பார்க்காமல் நடுவர் (மாஜிஸ்திரேட்) காவலில் வைக்க உத்தரவிடக் கூடாது. அந்த வழக்கே 498ஏ வழக்குதான். முன்பு 41ஏ நோட்டீஸ் என்று சொல்லப்பட்ட அறிவிப்பு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-இல் இருக்கிறது. அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக, வாட்ஸ்அப்பில் வந்தது செல்லாது என்று வீம்பாக வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். அறிவிப்பை ஏற்று ஆஜராகி ஒத்துழைக்கிறவரைக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும் பகுதி.

அறுபது வயதைத் தாண்டியவரை டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். புதிய நடைமுறைச் சட்டத்தின் 35(7) அப்படிச் சொல்வது உண்மை. ஆனால் அது மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும் பொருந்தும். நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவில் தண்டனை மூன்று ஆண்டு வரை போகும் என்பதால் அந்தப் பாதுகாப்பு உங்கள் தாயாருக்கு நேரடியாகக் கிடைக்காது. வழக்கறிஞர்கள் சிலரே இதைத் தவறாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்கு உண்மையில் துணையாக இருப்பவை வேறு: அர்னேஷ் குமார் தீர்ப்பு, விதிவிலக்கான சூழலில் நடுவரின் முன் அனுமதி பெற்றாலன்றிச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்ற விதி, அவருடைய வயதும் மருத்துவச் சீட்டுகளும்.

திங்கட்கிழமை உங்களை அழைத்திருப்பது பெரும்பாலும் மனு விசாரணைக்குத்தான். வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டு, இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசிப் பார்ப்பது மகளிர் காவல் நிலையங்களில் வழக்கம். குடும்பப் பூசல்களில் வழக்குப் பதியும் முன் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது; புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3)-உம் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் அப்படி விசாரிக்க இடம் தருகிறது. ஆகவே போகாமல் இருந்துவிடாதீர்கள். "கூப்பிட்டோம், வரவில்லை" என்று எழுதப்பட்ட ஒரு வரி, பின்னால் முன்ஜாமீன் மனுவில் அரசுத் தரப்பு உங்களுக்கு எதிராக வாசிக்கும் முதல் வரியாக இருக்கும். தம்பியும் நீங்களும் போங்கள். தாயாரின் உடல்நிலையைச் சொல்லி எழுத்தில் ஒரு விளக்கம் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். வெற்றுத் தாளில் மட்டும் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

எஃப்.ஐ.ஆர். இல்லாமல் முன்ஜாமீன் கேட்கலாமா என்றால், கேட்கலாம். கைது செய்யப்படுவோம் என்று நம்பக் காரணம் இருந்தால் போதும், வழக்குப் பதிவாகியிருக்க வேண்டியதில்லை என்று 1980-இல் குர்பக்ஷ் சிங் சிப்பியா தீர்ப்பே தெளிவாக்கிவிட்டது. சட்டம் அப்படி இருக்க, நடைமுறை வேறு மாதிரி. முன்ஜாமீன் மனு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரும் நாளில் அரசு வழக்கறிஞர் எழுந்து, "வழக்கு எதுவும் பதிவாகவில்லை, மனு விசாரணை மட்டுமே நிலுவையில் உள்ளது" என்று சொல்வார். நீதிமன்றம் அதைப் பதிவுசெய்துகொண்டு மனுவை முடித்துவைத்துவிடும். அடுத்த வாரமே எஃப்.ஐ.ஆர். விழுந்தால் மீண்டும் முதலிலிருந்து. கட்டணமும் இரண்டாவது முறை. அதனால், காவல் நிலைய விசாரணையில் பேச்சு ஓரளவு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தால் பொறுத்திருந்து, எஃப்.ஐ.ஆர். எண் தெரிந்த அன்றே தாக்கல் செய்யும்படி வக்காலத்தும் ஆவணங்களும் தயாராக வைத்துக்கொள்வதுதான் நான் என் கட்சிக்காரர்களுக்குச் சொல்லும் வழி. மனுவுக்கு எண் விழுந்துவிட்டது என்பதே கைதுக்குத் தடை ஆகிவிடாது; உத்தரவோ இடைக்கால உத்தரவோ வரும் வரை பாதுகாப்பு இல்லை. தாக்கல் செய்துவிட்டோம் என்று தெம்பாக வீட்டுக்கு வந்த சிலர் இந்த இடைவெளியில் அகப்பட்டிருக்கிறார்கள்.

கருத்து வேறுபாடு உள்ள ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். 35(3) அறிவிப்பு கையில் கிடைத்த பிறகு, கைது அச்சமே இல்லை, ஆகவே முன்ஜாமீன் தேவையில்லை என்று சில நீதிமன்றங்கள் சொல்கின்றன; காரணம் எழுதிக் கைது செய்ய வழி இருக்கும் வரை அச்சம் இருக்கத்தான் செய்கிறது என்று வேறு சில சொல்கின்றன. இதில் நாட்டில் ஒரே குரல் இல்லை. என் கருத்து, தம்பிக்கு அறிவிப்பு வந்திருந்தாலும் மனுப் போடுவது நல்லது என்பதே. தாயாருக்கும் தங்கைக்கும் அறிவிப்பு மட்டுமே பல நேரங்களில் போதுமானதாக இருந்துவிடுகிறது.

எங்கே தாக்கல் செய்வது என்பதில் உங்களுக்குக் குழப்பம் இருக்கிறது. சம்பவம் திருமங்கலத்தில் நடந்ததாகச் சொல்லிக்கொண்டு புகாரை அருப்புக்கோட்டையில் எப்படிக் கொடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். கொடுக்கலாம். கணவன் வீட்டைவிட்டு வெளியேறிய பெண் தஞ்சம் புகுந்த இடத்திலும் புகார் கொடுக்க முடியும் என்று 2019-இல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. அந்த வாதத்தில் பணத்தைச் செலவிடாதீர்கள். அருப்புக்கோட்டை விருதுநகர் மாவட்டம் என்பதால், அமர்வு நீதிமன்றம் என்றால் மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்கு அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். உயர் நீதிமன்றம் என்றால் நம் மதுரைக் கிளை. தங்கை இருக்கும் திருப்பூர், உயர் நீதிமன்றத்தின் சென்னை அமர்வின் எல்லைக்குள் வந்தாலும், வழக்கு பதிவாகும் இடத்தை வைத்து அவருக்கும் மனு இங்கேதான். சட்டம் இரண்டு நீதிமன்றங்களுக்கும் ஒரே அதிகாரத்தைத் தருகிறது. இருந்தாலும் முதலில் அமர்வு நீதிமன்றத்துக்குப் போவதே முறை என்பது என் எண்ணம். அங்கே தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம் மிச்சம் இருக்கும். தம்பி பெங்களூரில் இருப்பதால் அங்குள்ள நீதிமன்றத்தில் முன்ஜாமீன் வாங்கலாமா என்றால், முழு முன்ஜாமீன் கிடைக்காது. 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கில், இதேபோல் மனைவி ராஜஸ்தானில் கொடுத்த புகாருக்குக் கணவன் பெங்களூரில் பெற்ற முன்ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு உள்ள ஊர் நீதிமன்றத்தை அணுகும் வரையிலான தற்காலிகப் பாதுகாப்பை மட்டும், தகுந்த காரணம் இருந்தால், வேறு மாநில நீதிமன்றம் தரலாம் என்றது. பெங்களூரிலிருந்து திருமங்கலம் ஒரு இரவுப் பயணம். உங்கள் தம்பிக்கு அந்தச் சுற்றுவழி தேவையே இல்லை.

மனுவில் நீதிமன்றம் எதைப் பார்க்கும்? யார் மீது என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கும். "மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்து கொடுமைப்படுத்தினார்கள்" என்று பொதுவாக எழுதப்பட்ட வரிக்கும், இன்ன மாதம் இன்ன நாள் இன்னது செய்தார் என்ற வரிக்கும் வேறுபாடு உண்டு. குறிப்பான குற்றச்சாட்டு இல்லாமல் கணவனின் உறவினர் எல்லோரையும் வழக்கில் இழுப்பதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தாரா லக்ஷ்மி நாராயணா வழக்கிலும், அதற்கு முன் பல வழக்குகளிலும் கண்டித்திருக்கிறது. திருமணமாகித் திருப்பூரில் தனிக்குடித்தனம் இருக்கும் தங்கைக்கு இது வலுவான வாதம். ரேஷன் அட்டை, குழந்தையின் பள்ளிச் சான்று போன்றவை அவர் அங்கேயே வசிப்பதைக் காட்டும். தம்பியின் நிலை அவ்வளவு எளிதல்ல, ஆனாலும் கிடைக்காது என்று சொல்வதற்கில்லை.

இனி நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது. முன்ஜாமீன் மனு நீதிபதிக்காக எழுதப்படுவது என்று எல்லோரும் நினைக்கிறோம். நடப்பில் அதை மிகக் கவனமாக, பலமுறை வாசிப்பவர் உங்கள் தம்பி மனைவி. தன் எதிர்ப்பையும் கேட்கச் சொல்லி அவர் இடையீட்டு மனுப் போட்டால் நகல் அவர் கைக்குப் போகும். போடாவிட்டாலும் எப்படியாவது போய்ச் சேரும். தொழிலுக்கு வந்த மூன்றாவது ஆண்டில் ஒரு கணவனுக்காக நான் எழுதிய மனுவில், கட்சிக்காரர் சொன்னதை அப்படியே நம்பி, மனைவி வேறொருவருடன் பழகுவதாக ஒரு வரி சேர்த்தேன். ஆதாரம் எதுவும் இல்லை. மனுவுக்கு அந்த வரி தேவையும் இல்லை. முன்ஜாமீன் கிடைத்தது. சமரச மையத்தில் நகைகள், குழந்தை, தனிக்குடித்தனம் என்று எல்லாம் பேசி முடிந்து, கையெழுத்துப் போடும் நாளில் பெண்ணின் தகப்பனார் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். மடிப்பில் தாள் கிழியும் நிலையில் இருந்தது. அந்த ஒரு வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு. "இதை எழுதுனவரு யாருன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குடும்பம் சேரவில்லை. அந்த ஒரு வரிதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்று சேர இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதன்பின் எந்தக் கட்சிக்காரர் வற்புறுத்தினாலும் மனைவியின் ஒழுக்கத்தைப் பற்றி முன்ஜாமீன் மனுவில் ஒரு சொல்லும் எழுதுவதில்லை. "குற்றச்சாட்டுகளை மறுக்கிறோம், விசாரணைக்கு ஒத்துழைப்போம், பேசித் தீர்க்கத் தயாராக இருக்கிறோம்" என்று எழுதினால் போதும். முன்ஜாமீன் வாங்குவதால் மட்டும் சமரசம் கெட்டுப்போவதில்லை. சொல்லப்போனால், எப்போது கைது செய்வார்களோ என்று நடுங்கிக்கொண்டிருப்பவர் மனம்விட்டுப் பேசமாட்டார்; அந்த நடுக்கம் போன பிறகுதான் பல கணவர்கள் தங்கள் தவறுகளையும் ஒப்புக்கொண்டு பேசியதை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல் "இதெல்லாம் பொய் வழக்குச் சட்டம்" என்று உங்கள் உறவினர்கள் சொல்வதை மனுவிலோ காவல் நிலையத்திலோ திருப்பிச் சொல்லாதீர்கள். சூட்டுக்கோல் தழும்போடு என் அலுவலகத்துக்கு வந்த பெண்கள் உண்டு. பொய்ப் புகார்களும் உண்டு. உங்கள் வழக்கு எது என்பது சாட்சியத்தில் தெரியும், கோபத்தில் அல்ல.

குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகுமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: ஆகாது. விசாரணையின் எந்தக் கட்டத்திலும் முன்ஜாமீன் மனு ஒப்புதலாகக் கொள்ளப்படாது.

உத்தரவு கிடைத்தால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். நம் உயர் நீதிமன்ற உத்தரவுகளில் வழக்கமான வாசகம், உத்தரவு தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் சம்பந்தப்பட்ட நீதித்துறை நடுவர் முன் ஆஜராகி, பத்தாயிரம் அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்குப் பிணைப்பத்திரமும் அதே தொகைக்கு இரு ஜாமீன்தாரர்களும் தர வேண்டும் என்பது. ஜாமீன்தாரர்கள் பத்திரத்தில் தங்கள் புகைப்படத்தை ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். ஆதார் அல்லது வங்கிப் புத்தக நகலையும் கேட்பார்கள். நால்வருக்கும் ஜாமீன்தாரர் தேட வேண்டியிருக்கும் என்பதால், வீட்டு வரி ரசீதோடு வரக்கூடிய உறவினர்களை இப்போதே சொல்லி வையுங்கள். இதற்குப் பிறகு தினமும் காலை 10.30-க்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து என்ற நிபந்தனை கணவனுக்குப் பெரும்பாலும் வரும். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் தேவைப்படும்போது ஆஜரானால் போதும் என்று விடுவதுண்டு. தாயாரின் மருத்துவச் சீட்டை இதற்காகவும் மனுவோடு இணைத்துவிடுங்கள். தம்பி வேலையை விட்டுவிட்டு அருப்புக்கோட்டையில் தங்க முடியாது என்றால், சில வாரங்கள் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டபின் நிபந்தனைத் தளர்வு மனுப் போடலாம். ஒரு நாள்கூட விடக் கூடாது. அனுமதியின்றி வெளிநாடு போகக் கூடாது, சாட்சிகளை மிரட்டக் கூடாது என்ற நிபந்தனைகளும் இருக்கும். தம்பி மனைவிக்கு நள்ளிரவில் அனுப்பும் ஒரு குரல்பதிவு, முன்ஜாமீனை ரத்து செய்யக் கேட்கும் மனுவாகத் திரும்பி வரலாம். நிபந்தனைகளைக் காத்தால், குற்றப்பத்திரிகை தாக்கலானதும் முன்ஜாமீன் காலாவதியாகிவிடாது. பொதுவாக அது வழக்கு முடியும் வரை தொடரும் என்று 2020 ஜனவரியில் சுஷீலா அகர்வால் வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

பணம் கட்டினால்தான் முன்ஜாமீன் என்று நிபந்தனை போடுவார்களா என்ற அச்சமும் உங்களுக்கு இருக்கிறது. ஜீவனாம்சம் போன்றவற்றை முன்ஜாமீன் நிபந்தனையாக வைப்பதை உச்ச நீதிமன்றம் 2009-இல் முனீஷ் பாசின் வழக்கிலேயே ஏற்கவில்லை. மனைவியின் எல்லாத் தேவைகளையும் நிறைவேற்றுவதாகக் கணவன் உறுதிமொழி தர வேண்டும் என்ற நிபந்தனையை 2024-இலும் நீக்கியிருக்கிறது. ஜீவனாம்சத்துக்கு வேறு வழக்கு உண்டு, அங்கே தம்பி நிச்சயமாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் நகை விஷயம் வேறு. தம்பி மனைவியின் 35 பவுனில் 12 பவுன் வீடு கட்டியபோது அடகு வைக்கப்பட்டு இன்னும் மீட்கப்படவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. பெண்ணுக்குப் பிறந்த வீடு போட்ட நகை அவருடைய தனிச் சொத்து. கணவன் வீட்டில் இருந்தாலும் அது ஒப்படைக்கப்பட்ட பொருள்தான் என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலேயே சொல்லப்பட்டுவிட்டது. திருப்பித் தராதது நம்பிக்கை மோசடிக் குற்றமாகத் தனியே நிற்கக்கூடியது. உங்கள் வழக்கில் முன்ஜாமீனுக்கு உண்மையான இடைஞ்சல் இதுவாகத்தான் இருக்கும். "நகை எங்கே" என்று நீதிபதி கேட்டால் உங்கள் வழக்கறிஞரிடம் பதில் இருக்க வேண்டும். ஆகவே திங்கட்கிழமைக்கு முன் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் 23 பவுனையும் சீர்வரிசைப் பண்டபாத்திரங்களையும் ஒவ்வொன்றாகப் பட்டியலிடுங்கள். அடகுச் சீட்டின் நகலை எடுத்து, எத்தனை நாளில் மீட்க முடியும் என்று தம்பியிடம் நேர்மையாகக் கேட்டுத் தேதி குறியுங்கள். பட்டியலில் உள்ளவற்றை ரசீது பெற்றுக்கொண்டு ஒப்படைக்கத் தயார் என்பதை விசாரணையில் கொடுக்கும் விளக்கத்திலேயே எழுதுங்கள். அந்த 12 பவுன் அடகில் இருப்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அது தம்பி மனைவிக்கு ஏற்கெனவே தெரியும்.